ரெம்பிராண்ட்டோட ‘இதோ மனிதன்’: ஒண்ணுல கூட்டம் இருக்கு, இன்னொண்ணுல இல்ல, எது ஒரிஜினல்?

சேர்வராயன்_மிளகு:
வணக்கங்க, நான் ஏற்காடு. தவக்காலத்துல எங்க பங்கு பசங்களுக்கு சிலுவைப்பாதை முதல் நிலைய படம் போட்டு விளக்கலாம்னு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1655ல பண்ண பிரிண்ட தேடினேன், ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவ மேடைல நிறுத்தி ஜனங்களுக்கு காட்டுற காட்சி. ரெண்டு படம் கிடைச்சுது. மேடை, பிலாத்து தலைப்பாகை, ஜன்னல்ல இருந்து பாக்குற பொம்பள எல்லாம் அச்சு அசலா ஒண்ணுதான், ஆனா ஒண்ணுல மேடைக்கு முன்னாடி கூட்டம் நிக்குது, இன்னொண்ணுல அந்த எடத்துல ஒரு ஆள் கூட இல்ல, ரெண்டு இருட்டு வளைவு மட்டும்தான். பின்னாடி யாராவது கை வெச்சு மாத்திட்டாங்களா? எதை காட்டுறது?

மைக்கறை:
ரெண்டுமே அவரே பண்ணதுங்க, ஒரே செம்புத் தகடுதான். இது டிரைபாயிண்ட். ஆசிட் எல்லாம் கிடையாது, ஊசிய நேரா செம்புல அழுத்தி கீறணும், அப்புறம் மை தடவி, மேல இருக்குறத துணியால தொடைச்சுட்டு, ஈரப்படுத்தின பேப்பர வெச்சு ரோலர் பிரஸ்ல இழுத்தா கீறலுக்குள்ள நிக்கிற மை பேப்பர்ல ஏறிரும். கொஞ்சம் பிரிண்ட் எடுத்துட்டு தகட்ட மறுபடி திருத்துவார், மறுபடி எடுப்பார், ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு ‘ஸ்டேட்’னு சொல்வாங்க. இந்தத் தகட்டுக்கு 8 ஸ்டேட். ஆரம்பத்துல தகடு அவர்கிட்ட இருந்த ஜப்பான் பேப்பர விட பெருசு, அதனால மேல ஒரு துண்டு பேப்பர ஒட்டி அச்சடிச்சார், அப்புறம் தகட்டோட மேல்பக்கத்தையே வெட்டிட்டார். 6வது ஸ்டேட்ல கூட்டத்த சுரண்டி எடுத்தார், அதுக்கப்புறம்தான் நீங்க பாத்த வளைவு வந்துச்சு.

கொலுசுப்பட்டறை:
நமக்கு சேலம் செவ்வாய்பேட்டைல வெள்ளிக் கொலுசு வேலைங்க, படம் பத்தி பெருசா தெரியாது, ஆனா தகட்டுல கீறுறது தெரியும். ஊசி போற போக்குல ரெண்டு பக்கமும் பிசிறு எழும்புமே, ஏர் ஓட்டுனா சாலுக்கு ரெண்டு பக்கமும் மண்ணு ஏறி நிக்கிற மாதிரி. நாங்க அதை தேய்ச்சு எடுத்துருவோம், கால்ல குத்தும். இவர் அத அப்படியே விட்டுருவாரா?

மைக்கறை:
அண்ணே அதேதான், விடுறதுலதான் எல்லாமே இருக்கு! அந்த பிசிறுலயும் மை பிடிச்சு நிக்கும், அதனால கோடு கூரா இல்லாம ஓரம் லேசா கசிஞ்சு வெல்வெட் மாதிரி கருப்பா விழும். ஆனா ரோலர் அழுத்தத்துல பிசிறு நசுங்கிட்டே வரும், சில டஜன் பிரிண்ட்டுக்குள்ள அந்த கருப்பு போயிரும்.

கொலுசுப்பட்டறை:
அப்போ தகடு தேஞ்சுபோச்சு, அதான் மாத்திட்டார், அவ்ளோதானே?

மைக்கறை:
தேய்மானம் ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா அது மட்டும்னா பழைய கோட்டு மேலயே திரும்ப கீறிட்டு போயிருக்கலாம். செம்புல அவ்ளோ பேர சுரண்டி, தேய்ச்சு, மட்டமாக்குறது எவ்ளோ பாடுன்னு உங்களுக்கே தெரியும், வேணும்னு நினைச்சாதான் ஒருத்தன் அத செய்வான். அவரோட இன்னொரு பிரிண்ட் ‘மூன்று சிலுவைகள்’ (1653) பாருங்க, அதுலயும் இதே கதை, 4வது ஸ்டேட்ல பாதி ஆளுங்கள அழிச்சுட்டு சரசரன்னு கோடு இழுத்து இருட்ட கொட்டிட்டார், இயேசு கூட சிலுவைல தொங்குற ரெண்டு கள்ளன்ல ஒருத்தன் கிட்டத்தட்ட தெரியவே மாட்டான். லூக்கா நற்செய்தி சொல்ற அந்த ஆறாம் மணி நேரத்து (நடுப்பகல்) இருள் அப்பதான் நெஜமாவே படத்துக்குள்ள வருது. இங்க கூட்டம் இருக்கறப்போ நாம அவங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு வேடிக்கை பாக்குறோம், அவங்கள எடுத்துட்டா பிலாத்து நம்மள பாத்துதான் கேக்குறான், யார விடுதலை பண்ணணும், இவனா இல்ல கைதி பரபாஸான்னு. பல பேர் இப்படித்தான் படிக்கிறாங்க, எனக்கும் இதான் சரின்னு படுது. மிளகு, அதனால ரெண்டையும் காட்டுங்க, முதல்ல கூட்டம் இருக்குறது, கொஞ்ச நேரம் விட்டு இல்லாதது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் வெப்சைட்ல பெரிய சைஸ்ல இலவசமா இறக்கிக்கலாம். பிலாத்து கை கழுவ செம்பும் தட்டும் வெச்சிட்டு ஒரு பையன் நிப்பான், அதையும் பெருசு பண்ணி காட்டுங்க.

சேர்வராயன்_மிளகு:
ரொம்ப நன்றிங்க, அந்தப் பையன நான் கவனிக்கவே இல்ல. ஒண்ணு கேக்கணும், பசங்க கையாலயே சின்னதா ஒண்ணு கீறி அச்சடிச்சு பாக்க முடியுமா? இங்க மேல பிரஸ் எல்லாம் எங்க போறது?

கொலுசுப்பட்டறை:
சேலத்துக்கு கூட்டிட்டு வாங்க தம்பி, தகடு உருட்டுற மிஷின் நம்ம பட்டறைலயே இருக்கு, ரோலர் அகலம் கம்மி, உள்ளங்கை சைஸ் தகடுதான் போகும். மை ரோலர்ல ஒட்டாம பாத்துக்கணும், அது மட்டும்தான்.

மைக்கறை:
அருமைண்ணே! தகட்டுக்கு மேல ஈர பேப்பர், அதுக்கு மேல கம்பளித் துணி வெச்சு விடுங்க, ரோலர்ல ஒட்டாது. செம்புத் தகடு விலை ஜாஸ்தின்னா பசங்களுக்கு அக்ரிலிக் ஷீட் போதும், அதுலயும் பிசிறு எழும்பும். ஓரத்த முன்னாடியே அரம் போட்டு சரிச்சுருங்க, இல்லன்னா பேப்பர் கிழியும். எழுத்து ஏதாவது கீறுறாங்கன்னா இடவலம் மாத்தி எழுதச் சொல்லுங்க.