குழந்தையின் இதயத்தை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் தசை கெட்டுப்போகாதா?

மோட்டார் கட்டுபவன்:

என் மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. பிறந்த மூன்றாம் வாரமே டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழி குறுகல். அழுதால் உதடு நீலம் பாரித்துவிடுகிறது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை.

நேற்று மருத்துவர் தாளில் படம் வரைந்து விளக்கினார். ஓட்டையை அடைப்பது புரிந்தது, குறுகலை அகலப்படுத்துவதும் புரிந்தது. நடுவில், "இதயத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைப்போம், அதற்கு மருந்து இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் அந்த வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். என் மேசைக்கு வருபவற்றில் பாதி, இறுகி நின்றதால் எரிந்தவை. அதனால் நிற்பது என்றாலே எனக்கு அச்சம். உடம்பு முழுவதற்கும் இயந்திரம் ரத்தம் ஓட்டுகிறது என்றால் இதயத்துக்கும் அதையே கொடுத்தால் என்ன? ஏன் அதை மட்டும் பட்டினி போடுகிறார்கள்? இவ்வளவு சின்ன இதயம் தாங்குமா? எந்த மருந்து உயர்ந்தது என்று நான் விசாரிக்க வேண்டுமா?

பம்ப் பக்கத்து நாற்காலி:

ஐயா, நான் அந்த இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குகிறவன். பெர்ஃப்யூஷனிஸ்ட் என்பார்கள். பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன, பெரும்பாலும் குழந்தைகள்தாம்.

விடை உங்கள் மேசையிலேயே இருக்கிறது. மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது சுழல முடியாமல் இறுகிய மோட்டார்தான் எரியும். சுவிட்சை அணைத்துவிட்டு நிற்கும் மோட்டார் எரிவதில்லை. இதயத்துக்கும் அப்படியே. ரத்தம் வராத நேரத்தில் அது துடிக்க முயல்வதுதான் ஆபத்து. நாங்கள் கொடுக்கும் கார்டியோபிளீஜியா மருந்து சுவிட்சை அணைக்கிறது.

ஏன் ரத்தம் கொடுக்க முடியாது என்றால், இதயத் தசைக்கான ரத்தக் குழாய்கள் பெருந்தமனியின் அடிவாரத்திலேயே பிரிகின்றன. அதற்குச் சற்று மேலே கிளாம்ப், அதாவது குழாயை நெரித்து மூடும் இடுக்கி, போட்டால்தான் உள்ளே ரத்தமில்லாத களம் கிடைக்கும். திறந்த இதயம் துடித்தால் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று மூளைக்குப் போகும். போதாக்குறைக்கு, உங்கள் மகளின் ஓட்டையின் விளிம்பை ஒட்டித்தான் துடிப்பைக் கடத்தும் நரம்பு போன்ற இழை ஓடுகிறது. ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் அங்கே தையல் போடச் சொல்வீர்களா?

துடித்து உழைக்கும் இதயம் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கேட்கும். வெறுமையாக்கி, துடிப்பையும் நிறுத்திவிட்டால் தேவை ஏறக்குறைய 1 மில்லிலிட்டர். நன்றாகக் குளிரவைத்தால் அதிலும் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆகப் பெரிய சேமிப்பு நிறுத்துவதால்தான் வருகிறது, குளிரால் அல்ல. இதை எங்கள் துறையில் புதிதாக வருகிறவர்களே மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

நிறுத்துவது பொட்டாசியம். 1955இல் மெல்ரோஸ் என்பவர் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து இதயத்தை நிறுத்திக் காட்டினார். செறிவு மிக அதிகம். தசை சேதமானது, சில ஆண்டுகளில் அந்த முறையையே கைவிட்டார்கள். 1970களில் நீர்த்த கரைசலாக அது திரும்பி வந்தது. மருந்து அதேதான், அளவுதான் வேறு. அளவு தப்பினால் காப்பதே கெடுக்கும் என்பதை மெல்ரோஸின் கதை எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவூட்டுகிறது.

குழந்தைகளுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது டெல் நிடோ கரைசல். 1990களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க்கில் முதிராத இதயத்துக்காகவே உருவாக்கினார்கள். நான்கு பங்கு உப்புக் கரைசலுக்கு ஒரு பங்கு குழந்தையின் ரத்தம். பொட்டாசியத்தோடு லிடோகெயின், மெக்னீசியம், மானிட்டால், பைகார்பனேட் இருக்கும். கிலோவுக்கு 20 மில்லிலிட்டர். 6 கிலோ என்றால் 120 மில்லிலிட்டர், 4 டிகிரி குளிரில். உள்ளே போனதும் இசிஜி கோடு தளர்ந்து, நேராகிவிடும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கணத்தில் நான் யாரோடும் பேசுவதில்லை. ஒரு முறை கொடுத்தால் 60 முதல் 90 நிமிடம் தாங்கும். ரத்தம் அதிகமாகக் கலக்கும் பழைய முறையில் 15-20 நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி மருந்து கொடுக்க மருத்துவர் கையை எடுத்துக் காத்திருக்க வேண்டும்.

சின்ன இதயம் தாங்குமா என்றீர்கள். பச்சிளம் தசையில் கிளைகோஜன் இருப்பு அதிகம். அந்த வகையில் அது பெரியவர்களின் இதயத்தைவிடப் பட்டினியைத் தாங்கும். ஆனால் கால்சியத்தை உள்ளே சேமித்து ஆளும் அறைகள் அதற்கு இன்னும் முழுதாக வளரவில்லை. வெளியிலிருந்து வரும் கால்சியத்தையே நம்பியிருப்பதால், ரத்தம் திரும்பும்போது கால்சியம் வெள்ளமாகப் புகுந்தால் திணறும். மெக்னீசியமும் லிடோகெயினும் அந்தக் கதவுகளுக்குக் காவல்.

நீலக் குழந்தைகளுக்கு இன்னும் கவனம் தேவை. வலது கீழறை தடித்திருக்கும். ஆழம்வரை மருந்து போக வேண்டும். நுரையீரலுக்குக் குறுக்குவழியாக வளர்ந்த குழாய்கள் இருந்தால் இதயத்துக்குள் வெதுவெதுப்பான ரத்தம் திரும்பி வந்து குளிரைக் கெடுக்கும். அதை உறிஞ்சி வெளியேற்ற ஒரு குழாய் வைப்போம்.

எந்த மருந்து உயர்ந்தது என்று விசாரிக்க வேண்டாம். அந்தக் குழுவுக்குப் பழகிய மருந்துதான் உங்கள் மகளுக்கு நல்ல மருந்து.

மூன்றாம் நாள் அம்மா:

தம்பி, நான் தொழில் தெரிந்தவள் அல்ல. என் மகனுக்குப் பிறந்த ஒன்பதாம் நாள் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இடம் மாற்றும் அறுவை நடந்தது. மருத்துவர் சிரித்த முகத்தோடு வெளியே வந்து "நன்றாக முடிந்தது" என்றார். அன்று நள்ளிரவு ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. உடம்புக்கு ரத்தம் போதவில்லை என்றால் ஏறும் லாக்டேட் என்ற எண்ணைச் சொல்லிக்கொண்டே, இதயத்துக்குத் துணை செய்யும் மில்ரினோன் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். மார்பெலும்பைக்கூட மூடாமல் மேலே ஒரு சவ்வு ஒட்டியிருந்தது. அறுவை தோற்றுவிட்டது என்று நினைத்துக் கழிவறையில் போய் அழுதேன்.

நின்று மீண்ட இதயம் முதல் இரவில், ஆறிலிருந்து பதினெட்டு மணி நேரத்துக்குள், தளர்வது பலருக்கும் நடப்பதுதான் என்று ஒரு செவிலியர் மூன்றாம் நாள்தான் சொன்னார். முதல் நாளே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். அந்த மருத்துவமனை மேல் எனக்கு வேறு குறையே இல்லை, இது ஒன்றைத் தவிர. மருந்தின் பெயரைக் கேட்காதீர்கள். "முதல் இரவில் என்ன நடக்கும், எதைக் கண்டு நாங்கள் பயப்பட வேண்டும்" என்று கேளுங்கள். என் மகனுக்கு இப்போது ஐந்து வயது. உட்காரவைக்க முடியவில்லை.

வழிப்போக்கன்:

அறுவைக்கு முன் இதயத் தசையை வலுப்படுத்தும் துணை உணவுப் பொடிகள் கிடைக்கின்றன. ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கலாமே.

பம்ப் பக்கத்து நாற்காலி:

கொடுக்க வேண்டாம். உள்ளே என்ன உப்பு இருக்கிறது என்று தெரியாத பொடியோடு வரும் குழந்தைக்கு நான் பொட்டாசியத்தை எப்படிக் கணக்கிடுவது? கொடுத்திருந்தால் மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அம்மா சொன்னது என் பதிலைவிடப் பயனுள்ளது. நாங்கள் கிளாம்ப் நேரத்தோடு கதையை முடித்துவிடுகிறோம். பெற்றோருக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மோட்டார் கட்டுபவன்:

இருவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. அணைத்த சுவிட்சை மறுபடி எப்படிப் போடுகிறீர்கள்? அதிர்ச்சி கொடுத்தா?

பம்ப் பக்கத்து நாற்காலி:

பெரும்பாலும் இல்லை. கிளாம்பை எடுத்ததும் ரத்தம் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிவிடும். சில நிமிடங்களில் ஒரு துடிப்பு, இடைவெளி, இன்னொன்று, பிறகு சீராகும். தாறுமாறாகத் துடித்தால் கரண்டி போன்ற சிறிய தகடுகளால் மெல்லிய அதிர்ச்சி. கடத்தும் இழை சோம்பினால் தற்காலிகப் பேஸ்மேக்கர் கம்பிகள் கைகொடுக்கும். மார்பிலிருந்து நீண்டிருக்கும் அந்த மெல்லிய கம்பிகளைப் பார்த்துப் பதறாதீர்கள்.

ஆபத்து நின்றிருந்த நேரத்தில் மட்டும் இல்லை, ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களிலும் இருக்கிறது. நீலமாகவே வாழப் பழகிய தசைக்குத் திடீரென்று மிகுதியான ஆக்சிஜன்கூடக் காயம்தான். அதனால் பம்ப் தொடங்கும்போதே ஆக்சிஜனைச் சற்று அடக்கிவைப்பது என் வழக்கம். துடிப்பு வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட மாட்டோம். இதயம் கொஞ்ச நேரம் சுமையில்லாமல் வெறுமனே துடிக்கட்டும் என்று விட்டு, பிறகே பம்பின் வேகத்தைக் குறைப்போம்.

மோட்டார் கட்டுபவன்:

எல்லாவற்றையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நம் பட்டறையைப் போலத்தான், சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வார்கள் என்றேன். அவள் கேட்டாள்: "உங்கள் பட்டறையில் யாரும் தெரியாமல் போட்டுவிடாமல் ஒரு பையனைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்துவீர்களே, அங்கே யார் நிற்பார்?"

பம்ப் பக்கத்து நாற்காலி:

என்னைப் போல ஒருவர், அம்மா. கிளாம்ப் போட்ட நொடியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து உரக்க நேரம் சொல்லிக்கொண்டிருப்பது அவர் வேலை. முந்தைய நாள் "பெர்ஃப்யூஷனிஸ்டைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் கேட்பதில்லை என்பதால்தான் நாங்கள் வார்டுப் பக்கம் வருவதில்லை.