வர்ஜீனியாவில் பழைய அதிபர்களின் வீடுகள்: அப்பாவோடு எதற்குப் போகலாம்?

தக்கலைக்காரன்:
அக்டோபரில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வர்ஜீனியா போகிறேன். அப்பா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர், வாஷிங்டன், ஜெஃபர்சன், மாடிசன் மூன்று பேர் வீட்டையும் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்கிறார். கிடைப்பது இரண்டே சனிக்கிழமை, அவருக்கு முட்டுவலி வேறு. எங்கள் வீட்டிலிருந்து திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனை நடக்கிற தூரம், ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் கூட்டிப்போய்க் காட்டுவேன். அந்த மரவேலையையும் சிரட்டைக்கரி போட்டு இழைத்த தரையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே என்ன இருக்கிறது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
ஆறு வருஷம் அந்தப் பக்கம் இருந்தோம், வாஷிங்டன் வீடான மவுண்ட் வெர்னனுக்கு மட்டும் நாலு தடவை போயிருப்போம், அதனால் முதல் சனிக்கிழமையை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர்கூட இல்லை. தூரத்தில் பார்த்தால் கல் வீடு மாதிரி இருக்கும், கிட்டே போனால் எல்லாம் மரப்பலகை. பலகையின் ஓரத்தைச் சரிவாகச் சீவி, ஈரப் பெயிண்ட் மேல் மணலை வீசி, கல்லை அடுக்கினதுபோல் செய்திருக்கிறார்கள், நான் கன்னத்தை ஒட்டி நின்று பார்த்த பிறகுதான் நம்பினேன். பின்பக்கம் பொட்டோமாக் ஆற்றைப் பார்த்து நீளமான தாழ்வாரம், வரிசையாக நாற்காலி போட்டிருப்பார்கள், அப்பாவை அங்கே உட்கார வையுங்கள். எதிர்க்கரையில் ஒரு கட்டடம் தெரியாது, அந்தக் காட்சி கெடக்கூடாது என்றே அங்கே நிலத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். நடுக்கூடத்தில், பிரெஞ்சுப் புரட்சியில் விழுந்த பாஸ்டில் சிறையின் சாவி தொங்குகிறது, வாஷிங்டனின் பிரெஞ்சு நண்பர் லஃபாயெட் 1790இல் அனுப்பியது, சரித்திர வாத்தியார் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். மாமியாருக்கும் முட்டுவலிதான், நாங்கள் கீழ்த்தளம் மட்டும் பார்த்துவிட்டு வந்தோம், ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று. அந்த வீடு அரசாங்கத்தின் கையில் இல்லை. இடிந்து விழுகிற நிலையில் கிடந்ததைப் பெண்கள் சங்கம் ஒன்று பணம் திரட்டி 1858இல் இரண்டு லட்சம் டாலருக்கு வாங்கியது, இன்றைக்கும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். அப்புறம், வாஷிங்டன் சமாதிக்குப் பக்கத்திலேயே அடிமைகளைப் புதைத்த இடம் இருக்கிறது, பெயர் எழுதின கல் ஒன்றுகூடக் கிடையாது, 1983இல் வைத்த நினைவுத்தூண்தான் அடையாளம். முதல் தடவை நாங்கள் அதைப் பார்க்காமலே வந்துவிட்டோம், எனக்கு அது இன்னும் உறுத்தல். 1799இல் அந்தப் பண்ணையில் 317 அடிமைகள். தனக்குச் சொந்தமான 123 பேருக்கு விடுதலை என்று உயிலில் எழுதினார். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்து, அவர்களை விடுவிக்க அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை.

செங்கோட்டை:
அண்ணாச்சி, நீங்கள் பத்மநாபபுரத்து ஆள் என்பதால் மான்டிசெல்லோவைக் கட்டாயம் பாருங்கள், உங்கள் அரண்மனையில் இருப்பதுபோலவே ஜெஃபர்சன் வீட்டு முன்கூடத்திலும் எடை கட்டி ஓடுகிற மணிக்கூடுதான். பீரங்கிக் குண்டு மாதிரி எடைகள் சுவரோரமாக இறங்கும், பக்கத்தில் கிழமைகளை எழுதி ஒட்டியிருக்கிறார்கள், குண்டு எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அன்றைய கிழமை. உயரம் போதாததால் தரையில் ஓட்டை போட்டுவிட்டார், சனிக்கிழமை நிலவறையில் இருக்கிறது. நீங்களும் சனிக்கிழமைதானே போகிறீர்கள்! கூடத்துக்குள் மணி, நிமிடம், நொடி எல்லாம் காட்டுகிற அதே மணிக்கூட்டுக்கு வெளிப்பக்கமும் ஒரு முகம் உண்டு, அதில் மணி முள் மட்டும்தான், வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அது போதும் என்று. எனக்கு அந்த ஒற்றை முள்ளைப் பார்த்ததும் மனசு கனத்துப்போனது. எல்லா மனிதரும் சமம் என்று எழுதின மனிதரிடம் வாழ்நாளில் 600க்கும் மேல் அடிமைகள். கடனோடு 1826இல் செத்தார், அடுத்த ஜனவரியில் 130 பேரை அந்தப் பண்ணையிலேயே ஏலம் போட்டார்கள். இதை எல்லாம் அங்கே வழிகாட்டிகள் மறைக்காமல் சொல்கிறார்கள், அவருக்குப் பிள்ளைகள் பெற்ற அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுக்கு 2018 முதல் தனி அறையே இருக்கிறது.

மலைமேல் போகப் பஸ் விடுகிறார்கள், சாதாரணச் சுற்று கீழ்த்தளம் மட்டும், அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை.

குழித்துறை:
மான்ட்பெலியரை விட்டுவிடாதீங்க, மாடிசன் வீடு, மான்டிசெல்லோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வீட்டுக்கு அடியில் நிலவறைகளில் அடிமைகளின் கதைக்கென்றே காட்சி வைத்திருக்கிறார்கள். அங்கே செங்கல்லில் விரல் பதிந்த தடம் இருக்கு. கல் அறுத்தவர்கள், அதில் பிள்ளைகளும் உண்டு, ஈரம் காயாத கல்லைத் தூக்கும்போது பதிந்தது, அப்படியே சூளையில் வெந்து இருநூறு வருஷமாக நிற்கிறது. எங்க தாத்தா சூளையில் கல் அறுத்தவர், அதனால் எனக்கு அந்த வீட்டில் வேறு எதுவும் பெரிசாகத் தெரியவில்லை. மன்றோ என்கிற இன்னொரு அதிபரின் ஹைலேண்ட் வீடும் மான்டிசெல்லோவுக்குப் பக்கத்தில்தான், ஆனால் அவர் இருந்த பெரிய வீடு எரிந்துபோனது, நிற்கிறது விருந்தினர் வீடு என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். மணிக்கூட்டுக்குத் தலையாட்டினார், செங்கல்லுக்கு ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம அரண்மனை ஊட்டுப்புரையில் ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்று எல்லாரிடமும் சொல்றியே, யார் விறகு சுமந்தது, யார் தண்ணி கோரினது என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கியா" என்று கேட்டார். சொன்னதில்லை. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்ததே 1855இல்தான், அதையும் அவர்தான் சொன்னார்.

முதல் சனி மவுண்ட் வெர்னன், அடுத்த சனி காலையில் மான்டிசெல்லோ, மதியம் மான்ட்பெலியர். டிக்கெட் இன்று இரவு போடுகிறேன். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அரண்மனைக்கு ஒரு தடவை போய், ஊட்டுப்புரையிலிருந்து ஆரம்பித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.