ஃபைப்ரினோஜென் அறிக்கை: இன்னும் உறுத்துகிற அனுபவம்

இரவுப்பணிச் செவிலி:
ஃபைப்ரினோஜென் (ரத்தம் உறையத் தேவையான புரதம்) அறிக்கையால் இன்னும் உறுத்துகிற அனுபவம் உங்களுக்கும் உண்டா? என்னுடையது இது: ஒரு பெண்ணுக்குப் பிரசவம் முடிந்தும் உதிரப்போக்கு நிற்கவில்லை. ஃபைப்ரினோஜென் 210 மி.கி./டெ.லி. என்று அறிக்கை வந்தது. பக்கத்தில் 200–400 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, "நார்மல்தான் டாக்டர்" என்று சொன்னவள் நான். நிறைமாதத்தில் அது பொதுவாக 400ஐத் தாண்டி நிற்கும் என்பது எனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் தோன்றவில்லை. அடுத்து எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் கழித்துச் சாய்த்தேன். உறையாமல் தண்ணீர்போல் ஓடியது. கிரையோ (ஃபைப்ரினோஜென் செறிந்த, குளிரில் உறைய வைத்துச் சேமிக்கும் ரத்தப் பொருள்) உருகி வருவதற்குள் எத்தனை முறை சாய்த்துப் பார்த்தேனோ! அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

குழாய்க்காரன்:
உங்கள்மேல் என்ன தவறு? கர்ப்பிணிக்கும் மற்றவர்க்கும் ஒரே எல்லையை அச்சிடுகிற எங்கள் ஆய்வகத்தாரைத்தான் கேட்க வேண்டும். என் கதை நேர் எதிர். 60 என்று வந்ததை அப்படியே அனுப்பிவிட்டேன். பிறகு சந்தேகப்பட்டு, நீலமூடிக் குழாய்க்குள் குச்சியை விட்டுத் துழாவினேன். நுனியில் ஒரு சின்னக் கட்டி ஒட்டிக்கொண்டு வந்தது. உறைவதைத் தடுக்கக் குழாயில் இருக்கும் சிட்ரேட்டுடன் சரியாகக் கலக்காத ரத்தம் குழாயிலேயே உறைந்து, ஃபைப்ரினோஜெனைத் தின்றுவிட்டிருக்கிறது. வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

மூத்த மகள்:
எல்லையை மாற்றி அச்சிட்டால் தீர்ந்துவிடுமா, குழாய்க்காரரே? நிமோனியா முற்றிய அப்பாவுக்கு 300 வந்தது. நான் மகிழ்ந்தேன். மருத்துவர் முகம் மாறியது. "இவ்வளவு அழற்சியில் இது 600க்கு மேல் போயிருக்க வேண்டும். தட்டணுக்களும் குறைகின்றன. உள்ளே எங்கோ ரத்தம் உறைந்து இது செலவாகிறது" என்றார். ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன்: ஒரே ஓர் எண்ணை நம்பாதீர்கள், சில மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். உறைந்த கட்டி கரையும்போது வரும் துணுக்கான டி-டைமரையும் சேர்த்துக் கேளுங்கள். அழற்சி வந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜெனைக் கூடுதலாகச் சுரக்கும், சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும், ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம்) ஏறும். காய்ச்சல் தணிந்தாலும் ஈ.எஸ்.ஆர். உடனே இறங்காது, அதற்காகப் பதறாதீர்கள். எண் கூடிவிட்டதே என்று தாமாக ஆஸ்பிரின் விழுங்குகிறவர்களுக்கும் ஒரு சொல்: அது தட்டணுக்களைத்தான் தடுக்கும், இந்தப் புரதத்தைக் குறைக்காது.

இரவுப்பணிச் செவிலி:
அறிவுரைக்கு நன்றி அம்மா, நான் கேட்டது அதுவல்ல. குழாயைச் சாய்க்கும்போது கை நடுங்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.