இளையோரும் முதியோரும் ஒரே தன்னார்வப் பணியில் இணைவது எப்படி?

கேள்வி (குழு ஒருங்கிணைப்பாளர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தன்னார்வக் குழுவில் கல்லூரி மாணவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கிறார்கள். ஆனால் மரக்கன்று நடுவதானாலும் நூலகத்தைச் சீரமைப்பதானாலும், களத்துக்கு வந்த சற்று நேரத்திலேயே இரு தரப்பினரும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு மாணவர்கள் மண் வெட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் மூத்தவர் ஒருவர் அறிவுரை கூற, எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்து செல்கிறார்கள். இவர்கள் உண்மையிலேயே பழகும்படி பணியை எப்படி அமைக்கலாம்?

மறுமொழி 1 (சமூகப் பணித் துறை ஆசிரியர்):

வணக்கம். ஒரே இடத்தில் கூட்டி வைப்பதால் மட்டும் நெருக்கம் வந்துவிடாது. வேறுபட்ட குழுக்களுக்கு இடையிலான தொடர்பு எப்போது பயன் தரும் என்பதை உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே விளக்கினார்: இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும், இலக்கு பொதுவாக இருக்க வேண்டும், அதை ஒத்துழைத்தே அடைய வேண்டும், நிறுவனத்தின் ஆதரவும் இருக்க வேண்டும். நீங்கள் விவரிக்கும் ஏற்பாட்டில் இலக்கு பொதுவானது என்றாலும் ஒத்துழைப்புக்குத் தேவையே எழவில்லை. மண் வெட்டுபவருக்கு நாற்காலியில் இருப்பவர் எதற்கும் வேண்டியவராக இல்லை.

ஆகவே, ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாத வேலையைத் தேடுங்கள். பழைய ஒளிப்படங்களைச் சேகரித்து ஆவணப்படுத்தும் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தை ஸ்கேன் செய்யவும் கோப்புக்குப் பெயரிடவும் மாணவருக்குத் தெரியும். ஆனால் இரண்டாவது வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்பவர் யார், பின்னால் தெரியும் கட்டடம் எப்போது இடிக்கப்பட்டது என்பதைப் பெரியவர்தான் சொல்ல முடியும். 'இவர் யார்?' என்று மாணவர் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்வியிலிருந்து பேச்சு தானாக வளரும். அதற்கென்று 'அறிமுக விளையாட்டு' எதுவும் நடத்த வேண்டியதில்லை.

முதுமை குறித்த தவறான எண்ணங்களைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகத் தலைமுறைகளுக்கு இடையிலான தொடர்பை உலக சுகாதார அமைப்பின் 2021 அறிக்கையும் பரிந்துரைக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழாவால் அந்தப் பலன் கிடைக்கும் என்று நான் கருதவில்லை. அதே இருவர், அதே வேலைக்கு, பல வாரங்கள் தொடர்ந்து வர வேண்டும்.

மறுமொழி 2 (ஓய்வு பெற்ற தன்னார்வலர்):

ஆசிரியர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். எங்களைக் காட்சிக்கு வைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்' என்ற திட்டத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் முறையாகப் பயிற்சி பெற்று, வாரத்துக்கு 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றினார்கள். வயதானவர்கள்தானே என்று பொறுப்பைக் குறைக்காமல், நம்பி ஒரு கடமையை ஒப்படைத்தார்கள். எங்களுக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான்.

அதற்காக உடல் வரம்புகளை மறந்துவிடவும் கூடாது. நிழல், அருகில் கழிப்பறை, இருட்டுவதற்கு முன் வீடு திரும்ப வழி ஆகியவை இல்லையென்றால் பலர் காரணம் சொல்லாமலே நின்றுவிடுவார்கள். காது மந்தமானவர்கள் இரைச்சல் மிகுந்த கூடத்தில் சிரித்துத் தலையாட்டுவார்களே தவிர, பேச்சில் கலந்துகொள்ள மாட்டார்கள்.

மறுமொழி 3 (கல்லூரி மாணவி):

ஐயா கூறியதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெரியவர்களுக்குக் கைபேசி கற்றுத்தரும் வகுப்புகளில் நான் உதவி வருகிறேன். எங்கள் வயதினருக்குப் பொறுமை குறைவு. கைபேசியை வாங்கி நாங்களே நான்கு முறை தட்டி, 'முடிந்துவிட்டது பாட்டி' என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதனால் அங்கே ஒரு விதி உண்டு: கைபேசி எப்போதும் அதற்கு உரியவரின் கையிலேயே இருக்க வேண்டும், நாங்கள் வாயால் மட்டுமே வழிசொல்ல வேண்டும். நேரம் அதிகமாகும்தான். ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் பழைய வேலையைப் பற்றியும் சொல்லத் தொடங்குகிறார்கள். நாங்களும் எங்கள் தேர்வுக் கவலைகளைச் சொல்கிறோம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒளிப்படப் பணியை இருவர் இருவராகத் தொடங்க எண்ணியுள்ளேன். தனிப்பட்ட முறையில் இருவரைச் சேர்ப்பதில் பாதுகாப்புக்கு என்ன செய்வது?

மறுமொழி 1 (சமூகப் பணித் துறை ஆசிரியர்):

தொடக்கத்தில் எல்லா இணைகளையும் பொது அறை ஒன்றில், மற்றவர் கண்ணில் படும்படி அமர்த்துங்கள். வீட்டுக்குச் சென்று சந்திப்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுங்கள். பணம், வங்கி விவரம், கடவுச்சொல் ஆகியவற்றை எவரும் எவரிடமும் கேட்கக் கூடாது என்பதை முதல் நாளே இரு தரப்பினரிடமும் சொல்லிவிடுங்கள். ஓர் இணைக்கு ஒத்துப்போகவில்லை என்றால், யார்மீதும் குறை சுமத்தாமல் மாற்றிக்கொள்ள வழி இருக்கட்டும்.