பார்த்து வரைந்த தோட்டமும் வராத பச்சையும்

விரிடியன்:
இரண்டு வருடமாகியும் இது மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். ரஷ்ய ஓவியர் பொலேனவின் 'பாட்டியின் தோட்டம்' (1878), எண்ணெய் வண்ணத்தில் நான் எடுத்த முதல் பிரதி. கட்டம் போட்டு மாற்றியதில் தூண் வைத்த பழைய வீடு, பாதையில் வரும் பாட்டி, கூடவே வரும் இளம்பெண் எல்லாம் ஒழுங்காகவே உட்கார்ந்துவிட்டன. புதர்களில்தான் மாட்டிக்கொண்டேன். விரிடியன் என்ற பச்சை வண்ணத்தை டியூபிலிருந்து அப்படியே எடுத்து, வெளிச்சத்துக்கு வெள்ளை கலந்து, நிழலுக்குக் கறுப்பு கலந்து மூன்று நாள் போட்டேன், பிளாஸ்டிக் செடி மாதிரியே வந்தது. கடைசியில் ஒரு வெள்ளைக் காகிதத்தில் மிளகளவு துளை போட்டு என் அச்சுப்படத்தில் புதரின் நிழல் மேல் வைத்துப் பார்த்தேன். துளைக்குள் பச்சையே இல்லை! சாம்பல் ஏறிய பழுப்பு. ஒரு விரல் தள்ளி வைத்தேன், மங்கிய மஞ்சள். காகிதத்தை எடுத்தால் மறுபடி முழுத் தோட்டமும் பச்சை. கை ஓடவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே பேலட் கத்தியால் புதர் முழுவதையும் சுரண்டிவிட்டேன்.

காவி:
டியூப் பச்சையை வாங்கியதே தப்பு என்பேன். ஐவரி பிளாக் என்ற கறுப்பில் கேட்மியம் மஞ்சள் கலந்தாலே அருமையான இலைப்பச்சை வரும். எனக்கு உறுத்துவது வேறு. அதே படம் இல்லை, மரநிழல் விழுந்த ஒரு தோட்டப் பாதை. நிழல் காய்ந்த பிறகு வெயில் புள்ளிகளைச் சுத்த வெள்ளையில் வைத்தேன், தரையில் யாரோ காகிதத்தைக் கிழித்துப் போட்டது போலக் கிடந்தன. வெள்ளையில் துளி யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) சேர்த்து, ஓரங்களைக் காய்ந்த பிரஷால் மழுக்கி, பக்கத்து நிழலைக் கொஞ்சம் நீலத்துக்குத் தள்ளினேன். அப்புறம் பார்த்தால் வெயில் தரையோடு படுத்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இன்னும் வரைகிறேன்.

ஈரத்துணி:
காவி சொல்வதை ஏற்கமாட்டேன். விரிடியன் வண்ணத்தின் மேல் பழி போடாதீர்கள், அதில் கொஞ்சம் அலிசரின் சிவப்போ பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போ கலந்து பாருங்கள், முதலில் எழுதியவர் காகிதத் துளையில் பார்த்த அந்தச் சாம்பல் வந்து நிற்கும். ஐவரி பிளாக் மெதுவாகக் காயும், அதை அடியில் கனமாகப் போட்டு மேலே சீக்கிரம் காயும் வண்ணம் பூசினால் பின்னால் வெடிப்பு விழ வாய்ப்பு உண்டு.

என் அனுபவம் சின்னது. லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டேன், சில மணி நேரம் கழித்துத் தற்செயலாகக் கைவைத்தால் நடுவில் சுட்டது. பக்கத்தில் தீயே இல்லை. அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூட்டைக் கிளப்பும், குவியலாகக் கிடந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். அதனால் துணியைத் திறந்தவெளியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள். அடி அடுக்கை டர்பன்டைனில் நீர்க்க வையுங்கள், மேலே போகப் போக எண்ணெய் கூடட்டும், மாறிப் போனால் விரிசல்தான். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், கனமாகப் பூசியிருந்தால் ஒரு வருடம்.

விரிடியன்:
அலிசரினை இன்று முயன்றேன், ஈரத்துணி சொன்னது சரிதான். ஆனால் ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. சுரண்டியபோது அடியில் பூசியிருந்த சியன்னா அங்கங்கே தெரிந்தது, அந்த இடங்களில் மட்டும் புதர் உயிரோடு இருந்தது. அவற்றை மூட மனம் வராமல் விட்டுவிட்டேன், இன்னும் அப்படியே இருக்கின்றன.