வேலிக்கு பெர்மிட் மறுத்துவிட்டார்களா? நியூஜெர்சியில் மேல்முறையீடு செய்வது இப்படித்தான்

கார்னர் வீடு வாங்கி, ஆறடி வேலிக்கு பெர்மிட் கேட்டதற்கு சோனிங் ஆபீசர் (எங்கே என்ன கட்டலாம் என்ற டவுன் விதிகளைப் பார்ப்பவர்) மறுப்புக் கடிதம் அனுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான். இரண்டு பக்கமும் தெரு இருந்தால் எங்கள் டவுனில் இரண்டுமே முன்பக்கம், அங்கே அவ்வளவு உயர வேலி கூடாது. வீடு வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

முதலில் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். ஆபீசர் விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பது உங்கள் வாதமானால், 20 நாளுக்குள் காரணம் எழுதி மேல்முறையீடு செய்ய வேண்டும். மறுத்த ஆபீசரிடமே அதைக் கொடுக்க வேண்டும். கோப்பை, மேல்முறையீட்டை விசாரிக்கும் டவுன் சோனிங் போர்டுக்கு அனுப்புவது அவர்தான். விதி சரி, எனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்றால் அது வேறு மனு, வேரியன்ஸ். நான் இரண்டையும் சேர்த்தே போட்டேன்.

போர்டு என்றால் ஏழு பேர், மாற்று உறுப்பினர்கள் நான்கு பேர் வரை. எல்லோரும் அதே டவுன்வாசிகள், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி வந்து உட்காருகிறவர்கள். அதற்காக நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி நினைத்துவிடாதீர்கள். சத்தியப்பிரமாணம் உண்டு, குறுக்குக் கேள்வி உண்டு, பேசுவதெல்லாம் பதிவாகும். உறுப்பினர் ஒருவரைக் கோயிலில் பார்த்தால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்கைப் பற்றி வெளியே பேசினால் கெடுவது உங்கள் மனுதான்.

நான் செய்த தப்பு இது. சின்னக் குழந்தை இருக்கிறது, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், தெருவில் வண்டி அதிகம் என்று உருகி உருகிப் பேசினேன். பொறுமையாகக் கேட்ட தலைவர், "சரி, உங்கள் மனையில் என்ன சிக்கல்?" என்றார். சட்டம் கேட்பது நிலத்தின் கஷ்டத்தை, நம் கஷ்டத்தை அல்ல: மனை குறுகலா, கோணலா, சரிவா? அப்புறம், விலக்கு கொடுத்தால் அக்கம்பக்கத்துக்குப் பாதகம் வருமா? நல்லவேளை, கையில் சர்வே வரைபடம் இருந்தது. பின்பக்கம் முக்கோணமாகக் குறுகுவதைக் காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் எழுந்து, கார் பின்னால் எடுக்கும்போது நடைபாதையில் வரும் பிள்ளைகள் தெரிவார்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேலியை மூன்றடி உள்ளே தள்ளுகிறேன் என்று அங்கேயே ஒத்துக்கொண்டேன். அந்த நிபந்தனையோடு விலக்கு கிடைத்தது.

200 அடிக்குள் இருக்கும் சொத்துக்காரர்கள் எல்லோருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் நோட்டீஸ் போக வேண்டும். பட்டியலை டவுனிலேயே கேட்டு வாங்குங்கள், நீங்களே எண்ணாதீர்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் விசாரணை தள்ளிப்போகும். சர்டிஃபைட் மெயில் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

சொந்த வீட்டுக்கு நீங்களே வாதாடலாம். சொத்து கம்பெனி பெயரில் இருந்தால் லாயர் வேண்டும். வீட்டில் கடை வைப்பது போல உபயோகத்தையே மாற்றுவது தனிக் கதை. அதற்கு ஐந்து ஓட்டு தேவை, லாயர் இல்லாமல் போகாதீர்கள்.

ஜெயித்த மறுநாளே குழி தோண்டாதீர்கள். எழுத்துப்பூர்வத் தீர்மானம் பிறகுதான் வரும். அதன் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 45 நாள் வரை பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகலாம். தோற்றால் உங்களுக்கும் அதே 45 நாள்தான்.