ஏற்கப்பட்ட கட்டுரையை ஆர்க்கைவில் ஏற்றலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் இயற்பியல் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்பே, ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் ஏற்றிவிட்டோம். அதில் சிக்கல் இல்லை, 1991லிருந்தே இத்துறையில் பழகிய வழிதான். இப்போது கட்டுரை ஏற்கப்பட்டு, பதிப்பகத்திடமிருந்து பதிப்புரிமை ஒப்பந்தம் வந்திருக்கிறது. மதிப்பீட்டாளர்கள் சொன்னபடி திருத்தி, லேடெக்ஸ் (LaTeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் நாங்களே அமைத்த பிரதியைச் சொந்த வலைப்பக்கத்தில் உடனே போடலாமாம். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் என்றால் 12 மாதம் கழித்துத்தானாம். ஆர்க்கைவ் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய பதிவைத் திருத்திய பிரதியால் புதுப்பிக்கலாமா? எந்த இதழ் எதை எங்கே ஏற்ற விடுகிறது என்று காட்டும் ஓபன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் (முன்பு ஷெர்பா ரோமியோ) தேடினேன், இந்த இதழ் அகப்படவில்லை.

கட்டுரையைப் பகிரும் உரிமையை ஆசிரியரே வைத்துக்கொள்ள உதவும், ஸ்பார்க் (SPARC) அமைப்பின் ஆசிரியர் உரிமைப் பின்னிணைப்பை ஒப்பந்தத்தோடு சேர்த்து அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா? பதிப்பகம் ஒப்புக்கொண்டதா? மதிப்பீட்டாளர் கேட்டுச் சேர்த்த பிழைவரம்புக் கணக்கு பழைய பிரதியில் கிடையாது. சந்தா கட்ட முடியாத கல்லூரி மாணவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும், தெரிந்ததைச் சொல்லுங்கள்.